கைவிரல் இராசவள்ளி கேட்டுப் போன கதை

ஒல்லாந்தில் எனக்குக் குழாய் கழுவுகிற வேலை. கிழங்குப் பயிர்களை ஆராய்கிற ஓர் இடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கழுவுகிறேன். மரவள்ளி, வற்றாளை, சேம்பு, வள்ளி என்று பல நாடுகளிலிருந்து வந்த கிழங்குகளின் இளங்கொடிகள் அங்கே மண்ணே இல்லாமல் வளர்கின்றன. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு விரற்கடை பாகு, அதன் மேல் கொடி, அதற்கு விளக்கு வெளிச்சம். எங்காவது ஓர் ஊரில் வெள்ளமோ நோயோ வந்து ஓர் இனம் இல்லாமற்போனால், அந்த ஊருக்கே திருப்பிக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். வெறுமையான குழாய்கள் என்னிடம் வரும். நான் கழுவி, ஆவியில் அவித்து, அடுக்கிக் கொடுப்பேன்.

போன வருஷம் ஒரு நாள் விளக்கு அறைக்குள் போனபோது ஒரு தட்டில் திருகோணமலை என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்ததைக் கண்டேன். ஆறு குழாய்கள். சிவந்த ஓரம் வைத்த தண்டைக் கண்டதுமே தெரிந்துவிட்டது. கைவிரல் இராசவள்ளி. இராசவள்ளி என்றால் அறுத்த இடம் ஊதாவாக இருக்கும் கிழங்கு. அதில் இது ஒரு வகை. ஒரே கட்டையாக விழாமல் ஐந்தாறு விரல்களாகப் பிரிந்து விழும். சாம்பல்தீவில், எங்கள் பக்கத்து மணலில் மட்டும்தான் நான் இதைக் கண்டிருக்கிறேன்.

அந்த நேரம் அறையில் ஒருவரும் இல்லை. ஒரு குழாயின் மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தேன். ஒன்றும் மணக்கவில்லை. அடுத்ததைத் திறந்தேன். அப்படியே ஆறையும் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன். வெளிக்காற்று படக் கூடாது என்பது அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பத்து நாளில் ஆறிலும் பூஞ்சணம் ஏறிக் கொடி கறுத்தது. கழுவுவதற்கு அவை என்னிடமே வந்தன.

எங்கள் பொறுப்பாளர் அன்னெக்கே என்கிற பெண்மணி. மூடிகளில்தான் பிழை என்று முடிவு செய்து ஒரு பெட்டி மூடியை விற்ற கம்பனிக்கே திருப்பி அனுப்பினார். நான் வாய் திறக்கவில்லை. உப்பு மணலிலும் மழை பொய்த்த வருஷத்திலும் விளைகிற வள்ளி தங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது, இனி எங்கே போவது என்று அவர் கோப்பி குடிக்கும்போது மற்றவர்களிடம் கவலைப்பட்டதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் போனது. தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம் என்று ஒரு மாத லீவு எடுத்தபோது, அந்தக் கிழங்கை நான் தேடித் தருகிறேன் என்று நானாகவே போய்ச் சொன்னேன். என் பையில் போட்டுக் கொண்டுவரச் சட்டமில்லை. திருகோணமலையில் உள்ள விவசாய அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் நோய் இருக்கிறதா என்று பார்த்து, பத்திரம் நிரப்பி அனுப்புவார்கள். அதற்கு அன்னெக்கே ஒரு கடிதம் தந்தார்.

முதல் நாள் அன்புவழிபுரத்தில், தங்கச்சி சுகந்தியின் வீட்டில் கண் விழித்தேன். இடியப்பம், சொதி, பொரித்த மீன், கட்டைச் சம்பல். ஒல்லாந்தில் காலைச் சாப்பாடு என்பது நின்றபடி முடிக்கிற பாணும் சீஸும். இங்கே கதிரையில் இருத்தினால் எழும்ப விடமாட்டார்கள். எட்டாவது இடியப்பத்தில் நான் கிழங்கு விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணா, நீங்கள் கலியாணத்துக்கு வந்தனீங்களோ, கிழங்குக்கு வந்தனீங்களோ?"

"ரெண்டுக்கும்."

"சரி, பொம்பிளையின்ர மாமன் தாலி கட்டுற நேரம் மண்வெட்டியோட பத்தைக்குள்ள நிப்பார் எண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு இப்பவே சொல்லி வைக்கிறன்."

அவள் சொல்லியே கிண்ணியா நசீர் நானாவின் ஓட்டோ வந்தது. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். நானாவுக்கு அறுபது வயதிருக்கும். வண்டியை விட வாய் வேகமாக ஓடும். இரண்டாம் நாள் என்னை நகரத்துச் சந்தைக்குக் கொண்டுபோனார். மரவள்ளி குவியல் குவியலாகக் கிடந்தது. இராசவள்ளியும் இருந்தது, எல்லாம் கட்டையாக விழுந்த வகை. கைவிரல் வகை இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானா கேட்டார்.

"அந்த விரல் கிழங்கா?" என்று கடைக்காரர் சிரித்தார். "அத யாரு இப்ப வாங்குற நானா? விரலுக்கு விரல் கத்திய உட்டு உரிச்சி முடிக்க அடுப்பு அணைஞ்சிரும். வாங்கினாக்களும் அடுத்த நாள் ஏச வாறாங்க."

சந்தையை விட்டு வரும்போது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. போரில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்தான் என் படிப்பு முடிந்தது. வகுப்பறை இருந்தது, வகுப்பு இல்லை. ஐயா பகலில் இன்னும் சிலரோடு ஊருக்குப் போய், பயந்து பயந்து கிழங்கு கிண்டிக்கொண்டு வருவார். அம்மா பால்மா வந்த தகர ரின்னில் அதைத் தோலோடு அவிப்பா. நாங்கள் ஐந்து பிள்ளைகள். சூட்டோடு முறித்து ஆளுக்கொரு விரல் தருவா. பெருவிரல் யாருக்கு என்று சண்டை வரும். தேங்காய்ச் சொட்டும் உப்புக்கல்லும் தொட்டுக்கொள்வோம். பயமும் பசியுமாக இருந்த நாட்கள்தான் அவை. ஆனாலும் அந்த ஊதாக் கைகளோடு ஐந்து பேரும் வரிசையாக இருந்த இடத்துக்கு இப்போதும் மனம் போய்விட்டுத்தான் வருகிறது. கிழங்கின் தலையை மட்டும் அம்மா அவிக்கமாட்டா. தண்ணீர்க் குழாயடியில் தாட்டு வைத்தா. அது முளைத்து, பள்ளிக்கூட யன்னல் கம்பிகளில் சுற்றி ஏறியது. நாங்கள் வேறிடம் போகும்போது கொடி கூரையைத் தொட்டிருந்தது.

அதே நாள் மத்தியானம் விவசாய அலுவலகத்துக்குப் போனோம். அங்கே கிழங்குப் பயிர்களைப் பார்க்கிற அதிகாரி திலினி என்கிற சிங்களப் பெண். என் மகள் வயது இருக்கும். தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வைத்துக் கதைத்தார். கடிதத்தை வாசித்துவிட்டு, தானும் இரண்டு வருஷமாக இதைத் தேடுவதாகச் சொன்னார்.

"எனக்கு மாத முடிவில மாற்றம். அனுராதபுரம் போறேன். அதுக்கு முன்ன கொண்டு வாங்க. பிறகு வாறவங்க இதைத் தொடுவாங்களோ தெரியாது."

நாங்கள் வெளியே வரும்போது அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் சொன்னது காதில் விழுந்தது. இளவயதில் துறைமுகத்துப் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை செய்ததால் எனக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும். "இந்த மனிதர் கண்டுபிடிக்கமாட்டார். வாயே திறக்கிறார் இல்லையே," என்றார்.

மூன்றாம் நாள் சாம்பல்தீவு. தார் வீதியை விட்டு இறங்கியதும் ஓட்டோ மணலில் புதைந்தது. நான் தள்ள, நானா உள்ளே இருந்துகொண்டு எனக்குத் தைரியம் சொன்னார். "தள்ளுங்க தள்ளுங்க, ஒல்லாந்துச் சீஸ் எல்லாம் எங்க போச்சு!" கடைசியில் வலை காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். அவர்களிடமே கேட்டோம். இரண்டு வீடு சொன்னார்கள்.

முதல் வீடு சின்னாச்சி என்கிற அம்மாவுடையது. வேலியோரத்தில் பெரிய கிடங்குதான் இருந்தது. "போன கிழமை பன்றி வந்து கிண்டிப்போட்டுது மோனே. ஒரு வேர் மிச்சமில்லை. வேறை வீடுகளிலயும் தேடாதையுங்கோ. பெற்றோலுக்கு வரிசையில நிண்ட வருஷம் அரிசியுமில்லை, மாவுமில்லை. ஊரே கிண்டித் திண்டது. தலையையும் சேர்த்துத்தான்."

இரண்டாவது வீடு யோகம் அக்காவுடையது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார்.

"தேவன் தம்பியெல்லோ! தலை நரைச்சாலும் முழி மாறேல்லை. வாங்கோ, இருங்கோ."

குசினிப் பக்கம் கூரை தாங்குகிற கப்பில் ஓர் உரப்பை தொங்கியது. அதற்குள் ஒரே ஒரு கிழங்கு. ஆறு விரல். தன் அம்மா காலத்துக் கொடியின் கடைசிக் கிழங்கு என்றும், மழை கண்டதும் நடுவதற்கு வைத்திருப்பதாகவும் சொன்னார். அதை விட்டு என் கண் எடுபடவில்லை.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வள்ளிக் கிழங்கில் முளை வருகிற மேல்முனையைத் தலை என்போம். நடுவதற்குத் தலை கேட்டு ஒரு வீட்டுக்குப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. வேறு வகைத் தலை ஒன்றைக் கொண்டுபோவார். வாயால் கேட்பதும் இல்லை. கேட்டால் மற்றவரால் இல்லையென்று சொல்ல ஏலாது, அது அவரை நெருக்குவது போல என்பார்கள். கொண்டுபோனதை வாசலில் வைத்தால் வீட்டுக்காரருக்கு விளங்கும். என்னைப் போன்ற ஆட்களுக்கு வசதியான வழக்கம். ஆனால் அன்று நான் வெறுங்கையோடு போயிருந்தேன்.

"ஏன் தம்பி அதையே பார்க்கிறியள்?" என்றார் யோகம் அக்கா.

"இல்லை அக்கா... சாப்பிட்டுக் கனகாலம்."

அவர் உரப்பையை ஒருதரம் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை வாங்கோ," என்றார்.

விளங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். விதையும் தலையும் வெள்ளிக்கிழமை கொடுப்பது நல்லது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அடுத்த நாள் சந்தைக்குப் போய், உருண்டு திரண்ட இராசவள்ளி ஒன்றை, நல்ல தலையாகப் பார்த்து வாங்கினேன். நசீர் நானா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "பொண்ணு பார்க்கப் போற மாப்பிள்ளக்கிட்ட கூட இவ்வளவு சந்தோஷம் நான் கண்டதில்ல," என்றார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது யோகம் அக்கா முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார். இரண்டு கதிரை போட்டிருந்தது. உள்ளே கூப்பிட்டு, கை கழுவச் சொல்லி, அடுப்படியில் இருந்த பானையின் மூடியைத் திறந்தார்.

பானை நிறைய இராசவள்ளிக் களி. தேங்காய்ப்பாலில் ஊதாவாகக் கொதித்து இறங்கியிருந்தது. வாசம் முகத்தில் அடித்தது. நான் பையைப் பிடித்தபடி நின்றேன். நசீர் நானா பானையைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார். உரப்பை வெறுமையாகத் தொங்கியது.

"அதென்ன பை தம்பி?"

வேறு என்ன செய்வது என்று தெரியாமல், கொண்டுபோன கிழங்கை எடுத்து வாசற்படியில் வைத்தேன். யோகம் அக்கா அதன் தலையைப் பார்த்தார். பிறகு பானையைப் பார்த்தார். அகப்பையோடு படியில் இருந்துவிட்டார்.

"தலைக்கோ வந்தனீங்கள்?"

"ஓம் அக்கா."

"சாப்பிட்டுக் கனகாலம் எண்டெல்லோ சொன்னனீங்கள்! வாயில என்ன, கொழுக்கட்டையோ? பள்ளிக்கூடத்திலயும் இப்பிடித்தான். வாத்தியார் இடாப்பைப் பார்த்துப் பேர் கூப்பிடேக்கை சத்தம் போடமாட்டியள். முன் வாங்கில இருந்துகொண்டே வராத பெடியன் எண்டு பதிஞ்சு போடுவார்."

"தலை இருக்கா அக்கா?"

"அரிஞ்சு போட்டன் தம்பி. பானை அரைவாசிதான் வந்தது. இவ்வளவு தூரம் வந்த பிள்ளைக்கு அரைப்பானையோ எண்டு தலையையும் அரிஞ்சு போட்டன். எனக்குச் சின்னாச்சி வீட்டில ஒரு தலை வாங்கலாம் எண்டுதான்..."

சின்னாச்சி வீட்டுப் பன்றிக் கிடங்கைப் பற்றி நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகம் அப்படியே விழுந்தது. "அம்மான்ர கொடி," என்றார். "சண்டையில செல்லடிக்கேக்கையும் போகேல்லை. பெற்றோல் வருஷமும் தப்பினது. நான் என்ர கையால அவிச்சுப்போட்டன்." சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஒருவர் அழும்போது என்ன சொல்வது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. "அக்கா, நானும் ஒண்டை அழிச்சுப்போட்டுத்தான் வந்தனான்," என்று வாயில் வந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், மூடி, பூஞ்சணம், திருப்பி அனுப்பிய பெட்டி, எட்டு மாதம்.

யோகம் அக்கா தலைப்பை முகத்திலிருந்து எடுத்தார். "ஆறையும் திறந்தனீங்களோ?"

"ஓம்."

"ஒண்டில மணக்கேல்லை எண்டா மற்றதில மணக்குமோ, விசர்ப் பிள்ளை?" அழுகையோடு சிரித்தார்.

"நல்ல சோடி," என்றார் நானா. "ஒருத்தர் வாயத் திறக்கமாட்டார், மூடியத் திறப்பார். மத்தவ கேக்கமாட்டா, அவிச்சிருவா. நடுவில நான் ஒருத்தன் வாயோட நிண்டனே, என்னக் கேட்டிருக்கலாமே!"

"முதல்ல சாப்பிடுங்கோ," என்று அக்கா எழும்பினார். "ஆறினா இறுகிப்போகும். இனி அழுதென்ன."

சாப்பிட்டேன். குற்ற உணர்வோடு சாப்பிட்டேன் என்று எழுதினால் பொய். இரண்டு கோப்பை சாப்பிட்டேன். முதல் கரண்டியிலேயே பள்ளிக்கூட யன்னலும், ரின்னின் கரிப்பிடித்த அடியும், எனக்குப் பெருவிரல் கிடைத்த அந்த ஒரு நாளும் வந்துவிட்டன. எங்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களுக்கு இந்தக் களி கிடைத்திருந்தால் என்ன சண்டை பிடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நானாவும் கோப்பையை வழித்தார்.

சாப்பிடும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். களியில் இருந்த துண்டெல்லாம் நேரான விரல் துண்டு. விரலும் விரலும் சேருகிற முடக்குத் துண்டு ஒன்றும் இல்லை.

"அக்கா, விரலிடுக்கெல்லாம் எங்க?"

"அதுக்குள்ள ஆர் கத்தி விடுறது? தோலோட வெட்டி எறிஞ்சுபோட்டன். குப்பைக் கிடங்குக்குள்ள."

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். எங்கள் ஆராய்ச்சி இடத்தில் குழாய்க்குக் கொடி எடுக்க முழுக்கிழங்கை நடுவதில்லை. தோலோடு சின்னத் துண்டுகளாக வெட்டி மணலில் வைப்பார்கள். தோல் இருந்தால், கொஞ்சம் சதையும் இருந்தால், முளை எங்கிருந்தும் வரலாம். அந்த மணல் தட்டுகளைக் கழுவுகிறபோது இதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

குப்பைக் கிடங்கில் கோழிகள் நின்றன. மூன்று பேரும் ஓடினோம். அக்கா கோழிகளைத் துரத்த, நான் முழங்காலிட்டுத் தேங்காய்ப்பூவும் மீன்செதிலும் கிளறினேன். நானா ஒரு பேட்டுக்கோழியைத் துரத்தி வேலிவரை போய், அதன் வாயிலிருந்து ஒரு துண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். உரிப்பதற்குக் கஷ்டம் என்று சந்தையில் ஒருவரும் வாங்காத கிழங்கு. உரிக்கக் கஷ்டமாக இருந்ததால்தான் அவ்வளவு சதை தோலோடு போயிருந்தது. பதினான்கு துண்டு கிடைத்தது. கழுவி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, பழைய தாச்சிச் சட்டியில் ஆற்றுமணல் நிரப்பிப் புதைத்தோம். கோழிக்குப் பயந்து மேலே மீன்கூடையைக் கவிழ்த்தோம்.

அதற்குப் பிறகு கலியாண வேலை, அழைப்பிதழ், நகை, சொந்தக்காரர் என்று நாட்கள் ஓடின. ஆனால் ஒவ்வொரு நாளும் ஏதாவது சாட்டுச் சொல்லிச் சாம்பல்தீவுக்குப் போனேன். யோகம் அக்கா கூடையைத் தூக்குவார், இருவரும் மணலைப் பார்ப்போம், மூடுவோம். பிறகு பிளேன்டீ. அக்கா ஊர்க் கதை சொல்வார். யார் யார் இல்லை, யார் எந்த நாட்டில் என்று. புதைத்த பதினோராம் நாள் ஒரு துண்டு அழுகி மணத்தது. அடுத்த நாள் இன்னும் மூன்று. சுகந்தி என் முகத்தைப் பார்த்து, "மாப்பிள்ளை வீட்டில ஏதும் பிரச்சினை எண்டு சனம் நினைக்கப் போகுது, சிரியுங்கோ அண்ணா," என்றாள்.

பதினேழாம் நாள் காலை யோகம் அக்கா தங்கச்சியின் தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தார். "தேவன், ஓடி வாங்கோ. ஒண்டு மூக்கை நீட்டுது."

போய்ப் பார்த்தேன். சிவப்பு நுனி, நெல்மணியின் முனை அளவு. அந்தக் கிழமை முடிய நான்கு வந்துவிட்டன. ஒன்றை அக்கா தன் வேலியோரத்தில், முருங்கையடியில் வைத்தார். மூன்றை மணலோடு ஒரு ரின்னில் எடுத்துக்கொண்டு, கலியாணத்துக்கு முதல் நாள் அலுவலகத்துக்குப் புறப்பட்டோம். திலினிக்கு அங்கே கடைசிக் கிழமை.

பஸ் ஸ்டாண்ட் அருகே வந்ததும் நானாவுக்குத் தேநீர் தேவைப்பட்டது. ரின்னைப் பின் ஆசனத்தில் வைத்துவிட்டு இறங்கினோம். இரண்டு வாய் குடித்திருப்பேன். திரும்பிப் பார்த்தால் ஓட்டோவுக்குள் ஒரு புள்ளிமான் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறது. எங்கள் நகரத்து மான்களுக்கு மனுஷரிடம் பயமில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களோடு சேர்ந்து நிற்கும், வாழைப்பழத் தோலும் கடதாசியும் தின்னும். நான் கத்திய சத்தத்தில் தேநீர்க் கடையே எழுந்து நின்றது. மான் அவசரமில்லாமல் தலையை எடுத்தது. வாயில் ஒரு முளை, இலையோடு.

"எட்டு மாசம் வாயத் திறக்காத மனுஷன்," என்றார் நானா, "மானோட இப்பிடிச் சண்ட பிடிக்கிற!"

மிச்சம் இரண்டு.

திலினி அந்த இரண்டையும் உற்றுப் பார்த்தார். தண்டின் ஓரத்தைத் திருப்பிச் சிவப்பைப் பார்த்தார். பிறகு பத்திரத்தை எடுத்தார். யார் கொடுத்தது? யோகம் அக்காவின் பெயரைச் சொன்னேன். எங்கே எடுத்தது? தோட்டம், சந்தை, காடு என்று மூன்றுதான் அதில் இருந்தது. குப்பைக் கிடங்கு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் கையால் எழுதினார்.

"அடுத்தது, முன்னம் இருந்தது எப்படி அழிஞ்சது? கடிதத்தில மூடி பிழை எண்டு இருக்கு. அப்படியே எழுதவா?"

ஓம் என்றால் முடிந்துவிடும். முளை கிடைத்துவிட்டது, இனி யாரும் கேட்கப் போவதில்லை. நானா என்னைப் பார்க்காமல் மேலே சுழல்கிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றேன். "மூடியில பிழை இல்லை. நான் திறந்தனான். ஆறையும்."

திலினியின் பேனா நின்றது. "இதை எழுதினா அந்த மேடம் வாசிப்பாங்க. இண்டைக்கே ஈமெயில் போகும்."

"எழுதுங்கோ."

எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன். பக்கத்து மேசைக்காரர் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். திலினி சொன்னார். "பாவம், வேலை போகப் போகிறது," என்றார் அவர். எனக்கு விளங்கும் என்று அவருக்குத் தெரியாது. என் வயதில், என் படிப்புக்கு, ஒல்லாந்தில் இன்னொரு வேலை கிடைக்காது என்று எனக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் பதில் வரவில்லை. அடுத்த நாள் கலியாணத்தில் மாமன் செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். தாலி கட்டி முடிந்து, பந்தி தொடங்கியபோது தொலைபேசி அடித்துக்கொண்டது. அன்னெக்கே. நான்கே வரி. மண்டபத்தின் பின்பக்கம், சோறு வடித்த பெரிய கிடாரத்தடியில் நின்று இரண்டு தரம் வாசித்தேன். கலியாணத்துக்கு வந்திருந்த யோகம் அக்கா தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னவாம் அந்த மனிசி?"

தமிழில் சொன்னேன். "மூடிக் கம்பனிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத வேணுமாம். அதை நான்தான் எழுத வேணுமாம். விளக்கு அறைக்குள்ள இனி நான் தனியப் போகக் கூடாதாம்."

"பிறகு?"

"குழாயெல்லாம் கழுவ ஆளில்லாமல் மலை மாதிரிக் கிடக்காம். திங்கட்கிழமை காலமை எட்டு மணிக்கு வரட்டாம்."

யோகம் அக்கா தலையை ஆட்டினார்.

"எட்டு மணிக்கு வரச் சொன்னா எண்டா ஏசுறா, ஆனா சோத்தைப் பறிக்கேல்லை," என்றார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பந்தியில் இருத்தினார். சோறு போட வந்தவரை நிறுத்தி, என் பக்கம் குனிந்து கேட்டார்.

"என்ன வேணும் எண்டு இப்ப வாய் திறந்து சொல்லுங்கோ."

"கத்தரிக்காய்க் கறி," என்றேன். "கொஞ்சம் கூட."